டம்ளருக்கு ஒரு கெட்டிமேளம்

போன வெள்ளிக்கிழமை திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு டம்ளர் வாங்கினேன். கெட்டிமேளம் கொட்டினார்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். கடைக்காரர் டம்ளரை என் கையில் கொடுத்தார். மூலையில் உட்கார்ந்திருந்த தவில்காரர் படபடவென்று வெளுத்து வாங்கினார். பக்கத்தில் நாயனக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். வீதியில் போனவர்கள் எல்லாம் நின்று என் தலை நரையையும் கையிலிருந்த டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்ன செட்டியார் இது?"

"விளம்பரம் சாமி" என்றார் அவர், ரசீது போடுவது போன்ற குரலில்.

எதிரே இருக்கும் பாத்திரக் கடையில் புதிதாக ஒரு கிராமபோன் வந்திருக்கிறது. காலை முதல் சாயந்திரம் வரை பாட்டு. கூட்டமான கூட்டம். அதைப் பார்த்துச் செட்டியாருக்குத் தூக்கம் போய்விட்டதாம். அப்புறம் நிதானமாக யோசித்திருக்கிறார்.

"பாட்டுக் கேக்கறவன் நிப்பான், தலையாட்டுவான், போயிடுவான். இங்க பொருள் வாங்கினாத்தான் சத்தம். கல்யாணம்னாத்தானே சாமி ஜனங்க பாத்திரக் கடைக்கு வருது? அதனால கெட்டிமேளம்னா நம்ம கடை ஞாபகம் வரணும். அவ்வளவுதான்."

அதற்கு ஒரு வரைமுறையும் வைத்திருந்தார். கரண்டி, டம்ளர் என்றால் கொஞ்சமாகக் கொட்டுவார்கள். குடம் என்றால் இன்னும் கொஞ்சம். அண்டா வாங்குகிறவருக்கு, அண்டா வாசல் தாண்டும் வரை நிறுத்தக் கூடாது. வஞ்சனையே இல்லை! முந்தின வாரம் ஒரு சன்னியாசி கமண்டலம் வாங்கினாராம். அவருக்கும் கொட்டியிருக்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லையாம்... கொஞ்சம் வேகமாக நடந்து போனாராம்.

சிரித்துக்கொண்டே ஸ்ரீரங்கம் திரும்பினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடை போர்டில் என்ன பேர் எழுதியிருக்கிறது என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. கடையை மட்டும் மறக்க முடியுமா? வேண்டாததைப் பார்க்காமல் இருக்கக் கண்ணுக்கு இமை இருக்கிறது. காதுக்கு என்ன இருக்கிறது?

இதற்கு மறுநாள் தொடங்கி என் சிநேகிதர் ரங்கசாமி வீட்டுக் கல்யாணம். ரங்கசாமி ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. சாது. அவருடைய ஒரே பெண் கனகம், நான் தூக்கி வளர்த்த குழந்தை. ஸ்ரீரங்கத்தில் அந்த முகூர்த்தத்துக்கு ஒரு சத்திரமும் மிச்சமில்லை என்று காவேரியைத் தாண்டித் திருச்சியில் இடம் பிடித்திருந்தார். எங்கே தெரியுமா? பெரிய கடை வீதியில் — செட்டியார் கடைக்கு அடுத்த சுவர்!

சனிக்கிழமை முழுக்க ஒரே கூத்து. கெட்டிமேளம் கேட்கும்போதெல்லாம் விருந்தாளிகள் அட்சதையைத் தேடிக்கொண்டு எழுந்தார்கள். நான்தான் டிபன் நேரத்தில் எல்லோருக்கும் கரண்டி, குடம், அண்டா விவகாரத்தை விளக்கினேன். நன்றாகச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் வேதவல்லி மாமி மட்டும் சிரிக்காமல், கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் மாப்பிள்ளை ஊர்வலம். வில்லங்கம் அங்கேதான் பிறந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ரிடையர்டு தாசில்தார். சங்கீத ஞானம் உள்ளவர் என்று அவரே சொல்வார். தெருமுனையில் ஊர்வலத்தை நிறுத்தி, விஸ்தாரமாக ஒரு தோடி வாசிக்கச் சொன்னார். மழை தூற ஆரம்பித்திருந்தது. "சீக்கிரம் ஆகட்டும்" என்று ரங்கசாமி நாயனக்காரரிடம் சொல்லிவிட்டார். தோடி பாதியில் நின்றது. தாசில்தார் முகம் முழுசாக மாறிவிட்டது.

மறுநாள் காலை முகூர்த்தம். கனகம் அப்பா மடியில் உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளைப் பையன் கையில் திருமாங்கல்யம். புரோகிதர் மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தால், பெரியப்பா தவில் மேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நிற்கிறார். "சம்பந்தி மன்னிப்புக் கேட்டாகணும். அப்புறம்தான் மேளம்."

தவில்காரர் பாவம், என்ன செய்வார்? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கை மேலேயா அடிக்க முடியும்?

"க்ஷமிக்கணும் ஸ்வாமி" என்றார் ரங்கசாமி, மடியில் பெண்ணோடு.

"சிரிச்சுண்டே கேக்கறீரே?"

ரங்கசாமி சிரிக்கவில்லை. அவருக்குப் பல் கொஞ்சம் முன்னால். அழுதாலும் சிரிப்பது மாதிரித்தான் இருக்கும். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சிரிப்பதாகவே தீர்ப்பாயிற்று. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தோம். அவர் மேல் துண்டைப் பார்த்துக்கொண்டு, "அண்ணா சொன்னா சரியா இருக்கும்" என்றார்.

"முகூர்த்தம் முடியப் போறது" என்றார் புரோகிதர். கனகம் குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் நடுங்கியது. முகூர்த்தம் தப்பி நின்று போன கல்யாணத்துப் பெண்ணை இந்த ஊர் என்ன பேச்சுப் பேசும் என்று நான் சொல்ல வேண்டுமா? அந்தத் தாசில்தாரை அப்படியே தூக்கிக் காவேரியில் போட்டால் என்ன என்று தோன்றியது. வேதவல்லி மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அழத்தான் போகிறார் என்று நினைத்தேன். பெற்றவள் அல்லவா?

ரங்கசாமி மூன்றாம் தரமும் நாலாம் தரமும் கேட்டுப் பார்த்தார்.

திடீரென்று கெட்டிமேளம்!

அடுத்த சுவரிலிருந்துதான். ஆனால் என்ன மேளம் அது! கூரை அதிர்ந்தது. புரோகிதர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை — "மாங்கல்யம் தந்துனானேன" என்று எடுத்துவிட்டார். மாப்பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் முதல் முடிச்சைப் போட்டான். பின்னால் நின்ற அவன் தங்கை மற்ற இரண்டையும் போட்டாள். மேளம் நிற்கவில்லை. அட்சதை மழை. பெரியப்பா ஏதோ கத்தினார். கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கும்? தன் கைக்கு அடியில் சத்தமே போடாமல் இருந்த தவிலைக் குனிந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். ரங்கசாமி அழுதார். எல்லோரும் அவர் சிரிக்கிறார் என்று நினைத்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் செட்டியார் கடை ஆட்கள் இரண்டு பேர் ஒரு பெரிய பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு சத்திர வாசலில் வந்து நின்றார்கள்.

"மாப்பிள்ளையோட அம்மா வாங்கினதுங்க. எங்க வைக்கட்டும்?"

ஊருக்கே சாதம் வடிக்கலாம், அவ்வளவு பெரிசு. புதுக் குடித்தனமோ இரண்டு பேர். வேதவல்லி மாமி தாம்பூலம் மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டேன். "அண்டாவா வாங்கணும் மாமி? ஒரு கரண்டி வாங்கியிருந்தாலும் கொட்டியிருப்பாரே?"

மாமி வெற்றிலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கரண்டிக்குக் கொட்டற நேரத்திலே ஒரு முடிச்சுதானே விழும்? பாக்கி ரெண்டையும் உங்க டம்ளருக்கா போடறது?"