அம்மிமேல் ஒளி

அந்தப் பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு அம்மியை நான் எடுத்துக்கொண்டேன். அரைப்பதற்கு அல்ல. என் கருவிக்கு அசையாத அடித்தளம் வேண்டும்; மலாய் நாட்டின் காஜா பேராங் ஊரில் இருந்த எங்கள் பலகை வீட்டில் அதைவிடக் கனமான பொருள் கிடையாது. அப்பாதான் முனகிக்கொண்டே தூக்கிவந்து, சாக்கு விரித்து, என் அறையில் வைத்தார்.

கருவி என்று பெருமையாகச் சொல்கிறேன். ஒரு கண்ணாடித் துண்டு, பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரவல் வாங்கிய இரண்டு ஆடிகள், ஒரு திருகு, அவ்வளவுதான். சாய்வாக நிற்கும் கண்ணாடித் துண்டு விளக்கின் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். பிரிந்த இரண்டும் தனித்தனியே போய், ஆடியில் பட்டுத் திரும்பி, மறுபடி ஒன்றுசேரும். அப்போது வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி, சேலைக்கரை போலக் கோடுகள் தெரியும்.

உப்பு நீரில் நனைத்த திரியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினால் மஞ்சள் ஒளி வரும். கண்ணுக்கு அது ஒரே மஞ்சள். ஆனால் ஓர் ஆடியைத் திருகு கொண்டு மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளினால், கோடுகள் மங்கி மறைந்து, பிறகு திரும்பத் தெளியும். அந்த மஞ்சளுக்குள் இரண்டு மஞ்சள்கள் இருப்பதால்தான் அப்படி. எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை மங்குகிறது என்று அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். யாரும் போய்த் தொடமுடியாத கிரகத்தின் காற்றில் என்ன இருக்கிறது என்பதையும், அங்கிருந்து வரும் ஒளியை இதே வழியில் படித்துச் சொல்ல வெளிநாட்டில் முயல்கிறார்கள் என்று இயற்பியல் ஆசிரியை சொல்லியிருந்தார். அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சிங்கப்பூரில் இருந்த பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒரு பெயரைத்தான் ஆசிரியை அனுப்புவார். பள்ளி ஆய்வுக்கூடம் சாலையோரம். லாரி போகும்போதெல்லாம் கோடுகள் கலைந்தன. வீட்டில் முயன்று பார், விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அளவோடு வந்தால் உன் பெயர் போகும் என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அளவில்லாமல் திரும்பிப் போவதாக இல்லை.

சனிக்கிழமை காலை ஜன்னலை அடைத்து, கோடுகளைப் பிடித்துவிட்டேன். அடுத்த நொடி அவை துள்ளின. டொம். மறுபடி டொம். அம்மியை நான் எடுத்துக்கொண்டதால் அம்மா மிளகாயை உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! கொஞ்சம் நிப்பாட்டுங்களேன். நான் ஒளிய அளக்கிறேன்."

வெளிச்சம் என்று சொல்லியிருக்கலாம். படித்தவளாயிற்றே, ஒளி என்றேன். எங்கள் வீட்டில் ளகரமும் லகரமும் ஒன்றாகத்தான் புழங்கின.

"அப்படியா? இதை முன்னாடியே சொல்றதில்லையா, பாப்பா?" உலக்கை நின்றது. அதோடு விடவில்லை. ரேடியோ நின்றது. கொல்லையில் இருமிய அப்பாவுக்கு அதட்டல் விழுந்தது: "வாய மூடுங்க! புள்ள அளக்குது."

"இருமலையுமா அளக்குது?" என்றார் அப்பா.

நான் திருகைத் திருப்பினேன். ஒரு மங்கல், இரண்டு மங்கல். திருகில் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்தேன். பத்து வேண்டும். ஆறாவதில் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வேலியோரம் வந்துவிட்டார். செட்டி என்று பெயர் இருந்தாலும், பல தலைமுறையாக மலாயே பேசிப் பழகிய குடும்பம்; அவருக்குத் தமிழ் வராது. என் அம்மாவிடம் மலாயில்தான் பேசுவார்.

"அக்கா, அப்பா பசால் சென்யாப்? அடா ஓராங் சாக்கிட் கா?" ஏன் இத்தனை அமைதி, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று பதறினார்.

அம்மா ரகசியக் குரலில், ஆனால் பெருமை வழிய, "தா அடா லா. அனாக் சாயா உக்கூர் சுவாரா" என்றார்.

என் பிள்ளை சத்தத்தை அளக்கிறாள்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குத் தெரிந்த ஒலி வானொலியில் இருந்த ஒலி. நான் திருகிலிருந்து கையை எடுக்காமலே கத்தினேன்: "புக்கான் சுவாரா, மா! சாஹாயா! வெளிச்சம்!"

"வெளிச்சத்துக்கு எதுக்குடி நாங்க வாய மூடணும்?"

"அம்மி அசையக் கூடாதும்மா. இன்னும் நாலுதான்."

செட்டி அம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், என்ன நினைத்தாரோ, அம்மியை விரல் முட்டியால் தட்டினார். கோடுகள் துள்ளின. இன்னொரு முறை தட்டினார்.

"நான் தட்டுற சத்தம் உள்ள தெரியுதே. நான் சொன்னதும் சரிதானே?"

அதன்பிறகு வெவ்வேறு வேகத்தில் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியை என் கணக்கைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். மிக நெருங்கி வந்திருந்தது. எங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் முன்னெச்சரிக்கைகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் நான், 'அளவு முடியும்வரை வீட்டில் மிளகாய் இடிக்கவில்லை. ஒருவரும் இருமவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஆசிரியை அதை இரண்டுமுறை படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, என் பெயரை எழுதி உறையில் போட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே மீன் குழம்பு வாசம். அம்மி சமையலறைக்குப் போய்விட்டிருந்தது. அம்மா அரைத்துக்கொண்டே கேட்டார்: "என் சத்தத்தையும் எழுதினியா?"

"எழுதினேம்மா."