ரபேலின் பெருவிரல்

நான் நாலாம் கிளாஸ் தாண்டாதவன். ஆனாலும் காஞ்சிரங்குளத்துக் கடற்கரைப் பக்கம் இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரன். யார் தயவிலும் வந்ததல்ல. என்னை ஏய்க்க இனிமேல்தான் ஒருத்தன் பிறக்க வேண்டும். அப்படிப்பட்ட நானே ரபேலின் காரியத்தில் ஒரு வருடம் தப்பான இடத்தில் கள்ளனைத் தேடினேன்.

ரபேல் தூண்டில்காரன். கட்டுமரத்தில் தனியாகப் போவான். இரண்டு கையும் துடுப்பில் இருப்பதால் நைலான் நூலை வலது கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வான். மீன் இரையைத் தொட்டால் விரல் சொல்லிவிடும். "கலவா" என்பான், இழுத்தால் கலவாதான்.

போன வருடம் வெறும் தூண்டிலோடு திரும்பத் தொடங்கினான். இரையை மட்டும் காணாது.

"ஜெயச்சந்திரன் இரைக்கு அழுகின கணவாயத் தாறான் அண்ணா. தண்ணியில விட்டதும் உதிருது," என்றான்.

இரை விற்கும் ஜெயச்சந்திரனின் சிரிப்பு எனக்கும் பிடிக்காது. நேரே போய்க் கேட்டேன்.

"இதே கணவாய வச்சு ஊரே மீன் பிடிக்குது. உங்க ஆளுக்கு மட்டும் அழுகுமோ?" என்றான்.

அப்படியானால் யாரோ கண் வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, குருசடியில் மெழுகுதிரி கொளுத்தினோம்.

ரபேலுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு. உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிடுவான். பீடியை மட்டும் நிறுத்தியதில்லை. செருப்புப் போட்ட காலையும் நான் கண்டதில்லை.

ஒருநாள் அவன் மனைவி மேரிக்குட்டி வீட்டுத் தரையில் ரத்தம் பார்த்தாள். தடம் கட்டிலில் போய் முடிந்தது. நூல் அறுத்த பள்ளத்தில் விரல் கறுத்திருந்தது. மூன்று வாரமாக இலைச்சாறு பிழிந்து, துணி சுற்றி மறைத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். விரலை எடுக்க வேண்டும், கறுப்பு மேலே ஏறினால் காலே போகும் என்றார் டாக்டர். வெட்டுவதற்கு இவர்களுக்கு என்ன இத்தனை அவசரம்?

"வலியே இல்லாத விரல எதுக்கு வெட்டணும்? வீட்டுக்குப் போவோம் அண்ணா," என்றான் ரபேல்.

நானும் எழுந்துவிட்டேன். நர்ஸ் பிரசீதா தடுத்தாள். தூண்டில் நூல் போல ஒரு நூலைக் குச்சியின் முனையில் வைத்திருந்தாள். "கண்ண மூடணும். தொடும்போ சொல்லணும்," என்றாள் ரபேலிடம்.

கண்ணை மூடச் சொன்னால் அதில் ஏதோ சூது இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நூல் அவன் பாதத்தில் அழுந்தி வளைந்தது. ஒன்று, இரண்டு... ஏழு இடம்.

"எப்பம் தொடங்குவிய, சிஸ்டரே?" என்றான் ரபேல்.

நான் குச்சியைக் காட்டினேன். "எலே, ஏழு தடவ தொட்டாச்சு. நான் பாத்தேன்."

"ஷுகர் கூடி நரம்பு செத்துப் போச்சு, அப்பச்சா. பீடி ரத்த ஓட்டத்தையும் அடைச்சிருக்கு," என்றாள் பிரசீதா என்னிடம்.

ரபேல் குனிந்து பெருவிரலைத் தொட்டுப் பார்த்தான். "அப்பம், அந்தக் கணவாய மீன்தான் தின்னுச்சா? எனக்குத்தான் தெரியலியா?" என்றான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

விரல் போனது. கால் தப்பியது.

இப்போது மேரிக்குட்டி அவன் வார்த்தையை நம்புவதில்லை. சட்டைப் பையில் பீடி தேடுவாள். சாயங்காலம் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"செக்போஸ்ட்டுல கூட இப்படிப் பாக்க மாட்டானுவ," என்று முனகினான் ரபேல், நேற்று நான் போயிருந்தபோது.

"நீங்களும் சர்க்கரைக்கு மாத்திரை திங்கிற ஆளாக்கும்," என்று டார்ச்சை என் பக்கம் திருப்பினாள். "காட்டுங்க அண்ணா."

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் அசையவில்லை. செருப்பைக் கழற்றினேன்.