மறைத்து வைத்த கமெண்ட்டுகள்

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் ஃபைல் அக்கா. தலை நரைத்த மேனேஜருக்குக்கூட அக்காதான், என்ன சொல்ல!

அங்கே ஒரு டெண்டர் தயாராவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவள் டைப் செய்து அனுப்புவாள். மேனேஜர், இன்ஜினியர், கணக்கர் என்று ஆளாளுக்கு ஓரத்தில் கமெண்ட் போட்டுத் தள்ளுவார்கள். அவள் திருத்துவாள், ஆனால் கமெண்ட்டை அழிக்க மாட்டாள். முன்பு ஒருமுறை அழித்துவிட்டு, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று இன்ஜினியர் கையை விரிக்க, வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? அதிலிருந்து மறைத்து மட்டும் வைப்பாள். திரையில் பக்கம் பளிச்சென்று இருக்கும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எவன் கண்ணுக்கும் படாது.

இந்தத் தடவை குடோன் கட்டுகிற கம்பெனிக்காரர்கள், "வேர்டு ஃபைலாவே அனுப்புங்க, நாங்க அதுலயே நிரப்பணும்" என்றார்கள். அனுப்பிவிட்டாள். மறைத்து வைத்த கமெண்ட்டுகளும் அப்படியே கூடப் போயின.

சாதாரண ஆர்டரா அது! இது கிடைக்காவிட்டால் இரும்பு வேலை நடக்கிற வொர்க்‌ஷாப்பை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அங்கேதான் அவள் தம்பி வெல்டிங் செய்கிறான். யார் யார் காலிலோ விழுந்து அவள் வாங்கித் தந்த வேலை. அவன் மனைவி வேறு நிறைமாதம்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. திரையைத் திருப்பிக் காட்டினார். கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிய ஃபைலில் அவர் போட்ட கமெண்ட்: 'சொன்ன தேதிக்குள்ள முடியவே முடியாது. ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் இழுத்துக்கலாம்.'

"ஆர்டர் போச்சு. இனிமே இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க."

இந்த அயோக்கியத்தனத்தை எழுதினது யார்? அவர்தானே! அதை யார் கேட்பது? அவளுக்கு அது தோன்றவே இல்லை, பாவி மகளுக்கு.

"என் தப்புதான் சார். என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. வொர்க்‌ஷாப்பை மட்டும் மூடாம பாத்துக்கங்க."

"உங்களை அனுப்பிட்டு நான் என்ன பண்றது? அங்க இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை இல்லைன்னு லெட்டர் அடிக்கணுமே, யார் அடிப்பாங்க?"

அடித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். தம்பி பெயரை அடிக்கும்போது விரல் ஓடவில்லை. செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

கடிதம் வாங்க எல்லோரும் அவள் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். தம்பி முறை வந்தது.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையேக்கா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்பாடா, நீயாவது தப்பிச்சியே." கையெழுத்துப் போட்டான். "யாரோ ஃபைலைத் தப்பா அனுப்பிட்டாங்களாமே. எந்தப் புண்ணியவான்க்கா அது?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"நான்தான்டா."

அவன் அவளையே பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "சீக்கிரம்ப்பா" என்றார் பின்னால் நின்றவர். அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"பிரசவத்துக்கு வந்துடாதே. அவ உன்னைத்தான் கூட இருக்கச் சொல்லிக் கேட்டிருந்தா. நான் ஏதாவது சொல்லிக்கறேன்."

அவன் போய்விட்டான். அடுத்தவர் மேஜையருகே வந்து தன் பெயரைச் சொன்னார். அவள் அவருடைய கடிதத்தைத் தேடத் தொடங்கினாள்.