பூஜ்யம் வேண்டாம் என்றேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.எட். பயிற்சிக்காகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எழுதி அனுப்பலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தாலும் நிம்மதி இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு கல்யாணமாகி எர்ணாகுளம் வந்துவிட்டேன். கணவருக்கு வல்லார்பாடம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் வேலை. கலூரில் வாடகை வீடு. மகள் பிறந்து, அவள் பள்ளிக்குப் போகும் வயது வந்த பிறகுதான் எனக்கு பி.எட். சேர வாய்ப்புக் கிடைத்தது. வகுப்பில் மற்றவர்களெல்லாம் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர்கள். 'சேச்சி', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது மலையாள வழியில் படிக்கும் பத்தாம் வகுப்பு. கடையில் பேசவும் பஸ்ஸில் சண்டை போடவும் என் மலையாளம் போதும். கணக்கை மலையாளத்தில் சொல்லிக்கொடுப்பது வேறு விஷயம். முதல் நாள் 'சமன்பாடு' என்று சொல்லிவிட்டு, மலையாளத்தில் அதற்கு என்ன வார்த்தை என்று வராமல் கரும்பலகையைப் பார்த்து நின்றேன். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. அப்போது இரண்டாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'சமவாக்யம்.' நான் அப்படியே சொன்னேன். சிரிப்பு நின்றது.

அவளும் தமிழ் வீட்டுப் பெண். அம்மா பக்கத்தில் ஒரு கிடங்கில் சுக்குப் புடைக்கிற வேலை செய்கிறார் என்று பிறகு தெரிந்தது. அதிகம் பேசமாட்டாள். கையைத் தூக்கிப் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை. ஆனால் நான் வார்த்தைக்குத் தடுமாறும்போதெல்லாம் அவள் உதடு அசையும். வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் நான் பாடம் நடத்தியது பாதி அவள் தயவில்தான்.

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. வேறு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண்ணைத்தான் வேலைக்குப் போகிற இடத்தில் முதலில் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். முந்தைய நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும், மட்டாஞ்சேரிக்குச் சற்று முன்னால் வரும் தோப்பும்படி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

பாடம் நன்றாகவே போனது. இருபடிச் சமன்பாடு. எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்ததையெல்லாம் முடித்துவிட்டேன். மணியடிக்க ஏழெட்டு நிமிடம் மீதி. அப்போது பேராசிரியை பின்னாலிருந்து, "புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கு, டீச்சராகவே ஒன்று கொடுங்களேன்" என்றார்.

தயார் செய்யாத கணக்கு. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். 'ஒரு எண்ணின் வர்க்கம், அதே எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம். அந்த எண் எது?' எண்ணை x என்று வைத்து, x² = 5x என்று எழுதினேன். இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்தேன். x = 5. ஐந்தின் வர்க்கம் இருபத்தைந்து, ஐந்தின் ஐந்து மடங்கும் இருபத்தைந்து. கீழே கோடு போட்டு முடித்துவிட்டுத் திரும்பினேன்.

இரண்டாவது பெஞ்சில் அவள் உதடு அசைந்தது. 'பூஜ்யம்.'

எந்த வார்த்தையை நான் தப்பாகச் சொன்னேன் என்று ஒரு நொடி யோசித்தேன். அவள் மறுபடியும் உதட்டை அசைத்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பெண், இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, எழுந்து நின்றாள்.

"டீச்சர், பூஜ்யமும் வரில்லே?" என்று கேட்டாள். பூஜ்யமும் வராதா என்று.

வரும். பூஜ்யத்தின் வர்க்கமும் பூஜ்யம், அதன் ஐந்து மடங்கும் பூஜ்யம். அந்தக் கணக்குக்கு இரண்டு விடை. x-ஆல் வகுத்தபோது ஒரு விடையை நான் தொலைத்துவிட்டேன். எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டு வகுக்கும்போது அது பூஜ்யமாகவும் இருக்கலாம் என்றால் வகுக்கவே கூடாது என்பது கணிதம் படித்த யாருக்கும் தெரியும். அவள் கேட்ட அந்த நொடியே எனக்கும் தெரிந்துவிட்டது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது.

பேராசிரியை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கணக்குக்குப் பூஜ்யம் வேண்டாம். தெரியாததைப் பேசி கிளாஸைக் குழப்பாதே. உட்கார்" என்றேன். அன்று அந்த மலையாளம் மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

அவள் உட்கார்ந்தாள். நோட்டில் எதையோ ரப்பரால் அழித்தாள். மணி அடித்தது. பேராசிரியை போகும்போது என் கையைப் பிடித்து, "வகுப்பை நல்ல கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறீர்கள்" என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

அதற்குப் பிறகு பயிற்சி முடிய இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் நான் வார்த்தைக்குத் தடுமாறினேன். அவள் தலை குனிந்தே இருந்தாள். கடைசி நாள் பிள்ளைகளெல்லாம் மிட்டாய் வாங்கிக்கொண்டு நோட்டில் கையெழுத்துக் கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மதிப்பெண் வந்தது. எங்கள் குழுவிலேயே எனக்குத்தான் அதிகம். கூடப் படித்த பெண்ணிடம் நடந்ததைக் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். "விடு சேச்சி, மார்க்கு கிட்டியல்லோ" என்று சிரித்தாள். மார்க்குதான் கிடைத்துவிட்டதே என்று. வீட்டில் சொன்னேன். என் கணவர் கெட்ட மனிதர் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அதுக்காக இப்ப போயிச் சொல்லப் போறியாக்கும்? மார்க்கக் கொறச்சுட்டாங்கன்னா ஒரு வருசப் பாடு வீணாப் போயிருமே புள்ள" என்றார்.

ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த அடுப்பு மேடையையே துடைத்தேன். மகள் ஏதோ கேட்டால், கேட்டு முடிக்கும் முன்பே எரிந்து விழுந்தேன். ஒருநாள் மார்க்கெட்டில் மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு மீனை எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு சின்னத் தப்புதானே, அந்த வகுப்புக்கு வேறு வாத்தியார் இருக்கிறாரே, அவர் திருத்திவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அரை மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஏறினேன். தோப்பும்படியில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அந்த வகுப்பின் கணித ஆசிரியர் போன் செய்தார். எல்லோரும் அவரை 'மாஷ்' என்பார்கள். பயிற்சியில் எனக்கு வழிகாட்டியவரும் அவர்தான். செய்முறைத் தேர்வு நாளில் அவர் வகுப்பில் இல்லை. அதிகம் பேசாத மனிதர்.

"டீச்சரே, ஒரு சந்தேகம். பரீட்சையில் ஒரு எண்ணின் வர்க்கம் அதன் ஏழு மடங்குக்குச் சமம் என்று ஒரு கணக்கு. என் கிளாஸில் ஒரு குட்டியின், ஒரு பிள்ளையின் விடையிலும் பூஜ்யம் இல்லை. கேட்டால், தமிழ் டீச்சர் பூஜ்யம் வேண்டாமென்று சொன்னார்கள் என்கிறார்கள். அப்படி எதுவும் சொன்னீர்களா?"

அவர் குரலில் கோபமே இல்லை. பிள்ளைகள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்றுதான் அவர் நம்பினார். 'இல்லை மாஷே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சொன்னேன் மாஷே. தெரிந்துதான் சொன்னேன்" என்றேன். அடுத்த நாளே வருவதாகவும் சொன்னேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் விடைத்தாள் கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அவளுடைய தாள். x = 7, x = 0 என்று இரண்டும் எழுதியிருந்தாள். பிறகு அந்த x = 0-வை ஸ்கேல் வைத்து, ஒரே கோடாக, சுத்தமாக அடித்திருந்தாள். என்னால் அந்தக் கோட்டைப் பார்க்க முடியவில்லை. மாஷ் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வகுப்புக்குப் போகும் வழியில் மாஷ் சொன்னார், "கை தவறிவிட்டது என்று சொல்லுங்கள், போதும்."

பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் கரும்பலகையில் அந்தப் பழைய கணக்கை எழுதினேன். எங்கே தப்புச் செய்தேன் என்று காட்டினேன். பிறகு, முந்தைய இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்த மலையாளம் எல்லாம் மறந்துபோய், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னேன். "அன்று நான் தப்புச் செய்தேன். ஒரு குட்டி எழுந்து சரியாகச் சொன்னாள். அவள் சொன்னது சரியென்று எனக்கு அப்போதே தெரியும். பின்னால் மார்க் போடுகிறவர் இருந்தார். எனக்குப் பயம். அதனால் பொய் சொன்னேன். அவளை உட்கார வைத்தேன்."

நான் ஏதேதோ எதிர்பார்த்திருந்தேன். ஜன்னலோரத்தில் ஒரு பையன் மெதுவாகக் கையைத் தூக்கி, "அப்போ மாஷே, எங்களுக்கு அந்த மார்க் கிட்டுமோ?" என்று கேட்டான். மொத்த வகுப்பும் சிரித்தது. "கிட்டாது. கணக்கு தப்பு தப்புதான்" என்றார் மாஷ். பிள்ளைகள் முனகினார்கள். என்னால் போன மதிப்பெண் அது. அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள என்னால் முடியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

இடைவேளையில் வராந்தாவில் குடிநீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தாள். கிட்டே போய், என்னை மன்னித்துவிடு என்று தமிழில் சொன்னேன். பாட்டிலை நிரப்பி மூடிய பிறகுதான் பேசினாள்.

"நான் வீட்ல போயி பின்னயும் பின்னயும் செஞ்சு நோக்குனேன் டீச்சர். எல்லா தடவையும் பூஜ்யம் வந்துச்சு. எனக்குத்தான் கணக்கு மனசிலாகலன்னு நெனச்சேன். ப்ளஸ் டூவுக்கு கணக்கு எடுக்க வேண்டாம்னு அம்மாட்ட சொல்லிட்டேன்."

ஒரு தப்புக் கணக்கு, ஒரு பொய், அதோடு முடிந்தது என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் அந்தப் பொய்யை வீட்டுக்குக் கொண்டுபோய், தன்னைத்தானே தப்பென்று முடிவு செய்து, தன் படிப்பையே மாற்றிக்கொள்ளும் இடத்துக்கு வந்திருக்கிறாள். நான் அன்று தோப்பும்படியில் இறங்கித் திரும்பாமல் இருந்திருந்தால் பரீட்சைக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பரீட்சையில சரியா எழுதிட்டு எதுக்கும்மா அடிச்ச?" என்றேன்.

"டீச்சர் சொன்னீங்கல்ல" என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனிகூட இல்லை. பிறகு கொஞ்சம் யோசித்து, "இனி டீச்சர் யாராச்சும் வேண்டாம்னு சொன்னாலும் வெட்டண்டா, அல்லே?" என்று கேட்டாள். அடிக்க வேண்டாம், இல்லையா என்று.

"வெட்டாத. எதுக்கு வேண்டாம்னு கேளு. காரணம் சொல்ற வரைக்கும் உட்காராத" என்றேன். தலையை ஆட்டினாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை, நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மணியடித்ததும் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் கலூருக்குப் பஸ் ஏறினேன். கிடங்கு வாசலில் நடந்ததைச் சொன்னேன். தலையில் கட்டிய துணியை அவிழ்த்து உதறியபடி அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானே எதுக்குடி வேண்டாங்குறன்னு கேட்டேன், வாயே தொறக்கல. நீங்க படிச்சவங்க, இப்படிச் செய்யலாமா?" என்றார். செய்யக்கூடாதுதான் என்றேன்.

கல்லூரியில் எங்கள் பேராசிரியையிடமும் போய்ச் சொன்னேன். மதிப்பெண் எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றார். "அது அப்படியே இருக்கட்டும். நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும்" என்றார். அதனால் அந்தப் பெரிய மதிப்பெண் இன்றும் என் சான்றிதழில் இருக்கிறது. இப்போது வேலை பார்க்கும் பள்ளியில் நேர்முகத்தேர்வின்போது அதைப் பார்த்துப் பாராட்டினார்கள். நான் அதை வாங்கி அவசரமாகப் பைக்குள் வைத்தேன்.

அந்தப் பெண் பிறகு ப்ளஸ் டூவுக்குக் கணிதப் பிரிவுதான் எடுத்தாள் என்று மாஷ் ஒருமுறை போனில் சொன்னார். அதில் என் பங்கு எதுவும் இல்லை. நான் கெடுக்க இருந்தது, தப்பித்தது, அவ்வளவுதான்.

இன்றும் வகுப்பில் ஏதாவது ஒரு கை மேலே எழும்போது எனக்கு உள்ளே ஒரு படபடப்பு வருகிறது. அனுபவம் கூடக் கூட அது போய்விடும் என்று மற்ற ஆசிரியைகள் சொல்கிறார்கள், ஆனால் அது போகாமல் இருக்கும் வரைக்கும்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என்னால் கெடுதல் வராது என்று நான் நினைக்கிறேன்.