வலிக்காத கால்

மார்கழி பாதியைத் தாண்டிவிட்டால் காரைக்குடியில் என் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு முதல்முறையாக நடக்கப் போகிறவர்கள். எவ்வளவு சுமை எடுக்கலாம், காலுக்கு என்ன தடவலாம், எங்கே தங்கினால் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்றெல்லாம் கேட்பார்கள். குன்றக்குடியிலிருந்து பல வருஷம் நடந்தவன், ஒரு சிறு குழுவை நடத்திக் கூட்டிப்போனவன், அதற்கு மேல் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் என் பேச்சுக்கு ஊரில் கொஞ்சம் மதிப்பு உண்டு.

நானும் சொல்வேன். புதுத் துணி வேண்டாம். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வேட்டிதான் தொடையை அறுக்காது. தொடை இடுக்கில் காலையிலேயே தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் அன்றைய தூரத்தில் பாதிக்கு மேல் முடித்துவிடுங்கள். தார் ரோட்டில் நடக்க நேர்ந்தால் ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேல் நடங்கள். அங்கே சூடு சற்றுக் குறைவு. வழியில் பந்தலுக்குப் பந்தல் பொங்கலும் மோரும் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் கை நீட்டினால் நத்தம் தாண்டுவதற்குள் வயிறு படுத்திவிடும். உட்கார்ந்தால் கொஞ்ச நேரம்தான். அதிகம் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது கால் வேறொருவருடையது போல் இருக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதைச் சொல்வதென்றால் என் மைத்துனரின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரில் வருகிறவர்களிடம் அதை நான் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் என் மனைவிக்கு இளையவர். கோயம்புத்தூரில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்று அமராவதிபுதூருக்குத் திரும்பியவர். பருமனான உடம்பு, மெதுவான பேச்சு, எதற்கும் கோபப்படாத சுபாவம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைக் கேலி செய்வது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ‘உங்க வீட்டு ஆளுங்க’ என்று ஆரம்பித்தால் போதும், பந்தியில் இருப்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். ஒரு சொந்தக்காரரின் மணிவிழாவில், இந்தச் சீமையில் பிறந்தும் ஒரு தடவைகூடப் பழநிக்கு நடக்காத ஒரே ஆள் என்று அவரைப் புதுச் சம்பந்திகளுக்கு அறிமுகம் செய்தேன். அந்தத் தையில் அவர் எங்களோடு நடக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

குன்றக்குடியில் புறப்படும் காலையில், சர்க்கரைக்காரர்களுக்காகச் செய்யும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்போடு வந்து நின்றார். எங்கள் குழுவில் செருப்புக் கூடாது. அது சட்டம் ஒன்றும் இல்லை, நான் வைத்த வழக்கம். மற்ற குழுக்களில் வயதானவர்கள் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

“டாக்டர் இதக் கழட்டவே கூடாதுன்னு சொல்லியிருக்காக அத்தான்” என்று என் காதருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன். “அப்ப அந்த டாக்டரயே கும்பிட்டுக்கிட்டு வீட்டுல இருக்கலாமே மாப்ளே. முருகன எதுக்கு இம்புட்டுத் தூரம் சிரமப்படுத்துறீக?”

சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே குனிந்து செருப்பைக் கழற்றினார். அதை வாங்கிச் சாமான் வண்டிக்குள் எறிந்தவன் நான்தான்.

சிங்கம்புணரிக்கு முன்பே உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்போது சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. இளவட்டங்கள்கூட நொண்டத் தொடங்கியபோது இவர் வெறுங்காலோடு ஜல்லிமேல் நடந்தார். வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம் ஒன்றுமே தெரியவில்லை என்றார்.

சாயங்காலம் தங்குமிடத்தில் கொப்புளம் பார்ப்பது என் வேலை. ஊசியில் வெள்ளை நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். எங்கள் பக்கத்து நடையாட்களின் பழைய முறை. குத்தும்போது ஆண்கள்கூடத் துண்டைக் கடித்துக்கொள்வார்கள். மைத்துனருக்கு வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, பெரிய கொப்புளம். காலை என் மடிமேல் வைத்து ஊசியை விட்டேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் மதியம் சாப்பிட்ட வத்தக்குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஊசி தோலைத் தாண்டிச் சதைக்குள் போனது என் விரலுக்குத் தெரிந்தது.

“வலிக்குதா மாப்ளே?”

“ஆரம்பிச்சிட்டீகளா அத்தான்?” என்று திரும்பிப் பார்த்தார்.

எல்லோரையும் கூப்பிட்டேன். அவர்கள் பார்க்க மறுபடியும் குத்தினேன். அவர் முகம் அசையவில்லை. யாரோ ‘அரோகரா’ என்றார்கள். மனுஷருக்குக் கந்தன் துணை இருக்கிறான், செருப்பைக் கழற்றச் சொன்னதற்குப் பலன் கண்ணெதிரே தெரிகிறது என்று நானும் சொன்னேன். மைத்துனருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அவரைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.

வருஷா வருஷம் வகுப்பில் நரம்பின் படத்தைப் போட்டுப் பாடம் நடத்தியவன் நான். சர்க்கரை நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஊசியைக் கழுவும்போது அது நினைவுக்கு வரவும் செய்தது. கழுவி முடித்ததும் அந்த நினைப்பையும் விட்டுவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் எனக்குச் சாட்டையானார். முழங்கால் வலி என்று வண்டியில் ஏறப் பார்த்த ஒரு ஆச்சியிடம், சர்க்கரைக்காரரே முனகாமல் நடக்கிறார், உங்களுக்கு என்ன என்று கேட்டு ஏறவிடாமல் செய்தேன். இப்படி நான் சொல்லும்போதெல்லாம் மைத்துனர் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

திண்டுக்கல் தாண்டி ஒட்டன்சத்திரம் போகும் வழியில், நடப்பவர்களுக்கென்று ஓரமாகக் கல் பதித்த பாதை இருக்கிறது. முற்பகல். அவர் எனக்குச் சற்று முன்னால் போனார். அவருடைய வலது கால் எடுத்து வைக்கும் இடத்திலெல்லாம் கல்லின்மேல் ஈரமாக ஒரு கறை விழுந்தது. தண்ணீர் என்று முதலில் நினைத்தேன். இரண்டு மூன்று கல் பார்த்ததும் ரத்தம் என்று தெரிந்துவிட்டது.

சாமான் வண்டி எங்களுக்குப் பின்னால்தான் ஊர்ந்து வந்தது. கையைத் தூக்கினால் நின்றிருக்கும். நான் தூக்கவில்லை. அவர் வண்டியில் ஏறினால், பிறகு ஒவ்வொருவராக ஏறுவார்கள். என் குழுவில் யாரும் வண்டி ஏறியதில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடியாது. இதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பக்தி என்று சொல்லிக்கொள்ளக்கூட இடமில்லை. வேகத்தைக் குறைத்து நாலைந்து பேருக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் கறை தெரியாது.

மறுநாள் பழநி சேர்ந்தோம். துண்டைக் கிழித்துப் பாதத்தில் சுற்றிக்கொண்டு அவர் படி ஏறினார். திரும்பும் பஸ்ஸில் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. முன் சீட்டில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மதுரை ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். அழுகல் அதோடு நிற்கவில்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உள்ளே கண்ணாடிச் சில்லு இருந்ததாகச் சொன்னார்கள். அது எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது. பெருவிரலுக்குக் கீழே சீழ் ஆழமாகப் போயிருக்கிறது, ஏதாவது குத்தியதா என்று டாக்டர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தெரியவில்லை என்றேன்.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் முன் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். போகக்கூடாது என்றால் போகாதீர்கள். போகலாம் என்றால் அவர் சொன்ன செருப்போடு போங்கள். கழற்றச் சொல்லும் குழுவை அங்கேயே விட்டுவிட்டு வேறு குழுவில் சேருங்கள். வலியை நம்ப வேண்டாம். காலையிலும் சாயங்காலமும் உள்ளங்காலை வேறொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். கொப்புளத்தை யாரையும் ஊசியால் தொட விடாதீர்கள். ரத்தம் கண்டால் அந்த இடத்திலேயே வண்டி ஏறுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவரைப் பார்க்க அமராவதிபுதூர் போயிருந்தேன். செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி உள்ளே தம்பிக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் யார் யார் நடக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு, காய்கறி விலை சொல்வதைப் போல அதே மெதுவான குரலில் சொன்னார்.

“ஒட்டன்சத்திரத்துக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பிப் பார்த்தேன் அத்தான். நீங்க என் காலடியப் பாத்துக்கிட்டு வந்தீக. நானும் குனிஞ்சு பாத்தேன். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.”

சரிந்த செயற்கைக் காலை நாற்காலியோடு சாய்த்து வைத்துவிட்டு மேலும் சொன்னார்.

“வண்டிய நிப்பாட்டுவீகன்னு நெனச்சேன். கொஞ்ச தூரம் மெதுவாத்தான் நடந்தேன். அப்புறம் பாத்தா உங்களக் காணோம்.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா மாப்ளே?”

“கேட்டிருந்தா அம்புட்டுப் பேரு முன்னாடி ஏதாச்சும் சொல்லியிருப்பீக.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் நனைவோம் என்பது மாதிரிச் சொன்னார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவர் சொன்னது சரிதான். சொல்லியிருப்பேன். பாதி வழியில் உட்கார்ந்துகொள்ள உங்க வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லியா தரணும் என்றுதான் சொல்லியிருப்பேன். சிங்கம்புணரிக்கு முன்பிருந்தே அது என் வாயில் தயாராக இருந்தது.