அக்காவின் கேசட்டில் விண்வெளி

அக்காவின் பாட்டை நான் அழித்தேன். கை தவறி அல்ல, தெரிந்தே அழித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சீனப் பெருநாள் காலை. துறைமுகத்தில் என்னோடு குமாஸ்தாவாக இருந்த நண்பன் சைக்கிளில் வந்து வாசலில் நின்று கத்தினான்.

"மச்சான், கப்பல்லேருந்து அண்ணன் வந்திருக்காரு. லண்டன்ல வாங்கின புது ரெக்கார்டு! பாட்டே கிடையாதுலா, எல்லாம் மெசின் வாசிக்கிறது. நாளைக்கு அவரும் போயிருவாரு, ரெக்கார்டும் போயிரும். கேசட் இருந்தா எடுத்துட்டு வா!"

பெருநாளுக்காக எங்கள் தீவின் ஜார்ஜ் டவுன் முழுக்கக் கடைகள் அடைப்பு. வீட்டில் இருந்தவை மூன்று கேசட்டுகள். இரண்டு அப்பாவின் பக்திப் பாடல்கள். மூன்றாவது அக்காவுடையது. வானொலிக் குரல் தேர்வுக்கு அனுப்ப, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு பாட்டுகள் பாடி வைத்திருந்தாள். அந்தப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்த அப்பாவின் நண்பர் அந்த வாரம்தான் மெட்ராசுக்குக் கப்பலேறியிருந்தார். யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருந்த பிளாஸ்டிக் துண்டுகளை அவளே உடைத்திருந்தாள். அந்த ஓட்டைகளின் மேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பயந்தேன். அக்காவுக்குப் பயப்படவில்லை.

பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த நண்பன் வீட்டு மாடியில், இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு எதிரே நாற்காலி போட்டு ரெக்கார்டரை வைத்தோம். ரெக்கார்டு உறையில் கருப்பு வானம், ஊதா நிறத்தில் ஒரு கோள். ஊசி இறங்கியது. முதலில் காற்று மாதிரி ஒன்று. பிறகு படகுத்துறையில் ஃபெரியின் எஞ்சின் நெஞ்சுக்குள் அதிருமே, அதுபோல ஓர் அடி, இன்னோர் அடி. அதன்மேல் ஒரு சத்தம் இடது பெட்டியிலிருந்து கிளம்பி, எங்கள் தலைக்கு மேல் வட்டம் போட்டு, வலது பெட்டிக்குள் இறங்கியது. நான் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன்! ராகம் இல்லை, சொல் இல்லை. ஆனாலும் எங்கோ போய்க்கொண்டே இருந்தது. கையில் மயிர் சிலிர்த்தது. நண்பன், "அடேய், வீடு பறக்குதுடா!" என்றான். அவன் அண்ணன், "வாய மூடுங்கடா, எல்லாம் பதியுது" என்று அதட்டினார். அதுவும் பதிந்தது. தெருவில் வெடித்த பட்டாசும் பதிந்தது.

ரெக்கார்டின் இரண்டாம் பக்கம் தீர்ந்தும் கேசட்டில் இடம் மிச்சமிருந்தது. வீட்டுக்கு வந்து ரகசியமாகப் போட்டுக் கேட்டபோது, விண்வெளி முடிந்து 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்து அக்காவின் குரல், கடைசிப் பாட்டின் கடைசி நான்கு வரிகள், பின்னால் வயலின்.

அக்கா இரண்டு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டாள். "பார்த்தியாடா?" என்றாள். "வயலின் மாமா பெட்டியோட போயிருக்கும்" என்றேன். அந்த நல்ல மனிதரை அவள் வருடக்கணக்கில் திட்டினாள். தேர்வுக்கான நாள் கடந்தது. அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம். பிறகு அவள் எங்கும் பாடவில்லை. நானோ அந்தக் கேசட்டை ஒளித்து வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்த 'டக்' வருவதற்குள் நிறுத்திவிடுவேன்.

பதினைந்து வருடம் கழித்து, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருந்த அவள் வீட்டுக்குக் கேசட்டோடு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி பாடு, நானே வானொலி நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"நாப்பது வயசுல என்னை எவன்டா கூப்பிடுவான்? வயலின் மாமாவ வேற அவ்வளவு திட்டினேனே, பாவி" என்றாள். கேசட்டின் முதுகில் இருந்த செலோடேப்பை நகத்தால் தடவினாள். பிறகு, "முதல்லேருந்து போடு. எதுக்காக நீ அழிச்சேன்னு நானும் கேட்கணும்" என்றாள்.

இரண்டு பக்கமும் கேட்டாள். தன் நான்கு வரிகளையும் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு, உன் மெசினு. அதான் இன்னும் கோவம் வருது."

கேசட்டை அவளே வைத்துக்கொண்டாள். அந்தத் தீபாவளிக்கு என்னை அழைக்கவில்லை. மறு தீபாவளிக்குப் போனபோது, அவள் சமையலறையில் விண்வெளி ஓடிக்கொண்டிருந்தது.

"உன் பாட்டு கடைசியிலதானே இருக்கு. வேகமா ஓட்டிட வேண்டியதுதானேக்கா?"

"ஓட்டினா ரீல் மாட்டிக்கும்லா" என்றாள், வடையைத் திருப்பிப் போட்டபடி.