மொட்டை டயருக்குப் பொட்டு

எல்லாக் காலத்துக்கும் ஏற்ற டயர் என்று கடையில் சொன்னதை நம்பி, ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பதற்குத் தவிர நான் என் கார் டயர் பக்கம் குனிந்ததே இல்லை. திருச்சி வெயிலில் பிரேக்கை மிதித்ததும் கார் நிற்கும்.

போன ஐப்பசியில் தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும்போது நல்ல மழை. காவிரிப் பாலத்தில் பிரேக் போட்டேன். கார் வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அதில் கைக்குழந்தையோடு கணவன் மனைவி. கணவர் இறங்கி வந்தார்; திட்டுவார் என்று நினைத்தேன்.

"பதறாதீங்கம்மா, எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. டயர் மொட்டையாயிடுச்சு பாருங்க. மழைத் தண்ணி வெளியேறப் பள்ளமே இல்ல. மெதுவா போங்க" என்றார் அவர்.

மறுநாளே டயர்களை மாற்றினேன். இந்த ஆயுத பூஜையில் பள்ளங்களில் விரல் விட்டு ஆழம் பார்த்த பிறகே பொட்டு வைத்தேன். கும்பிடும்போது அந்தக் குழந்தையின் முகம்தான் முன்னால் வந்தது.